வர்ஜிலைச் சுடுவது பாதுகாப்பானதா?

வெல்மா ஹ்ருஸ்கா தன் கணவரைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிக் கூட்டிவந்திருந்தார். கணவர் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் இருந்தார். மிச்ச ஆளைப் பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி புதைத்துவிட்டார்கள். வெல்மாவின் பங்குக்கு வந்தது அந்தப் பாட்டிலில் பாதி அளவு சாம்பல்தான்.

எமில் கோவாரிக் தன் கராஜ் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டிலுக்கு எதுக்கு வெல்மா பெல்ட்டு?"

"பெல்ட் போடாம வண்டிய எடுத்தா அவருக்குப் புடிக்காது. உனக்குத் தெரியாதா?"

எமிலுக்குத் தெரியாமல் என்ன! வர்ஜில் ஹ்ருஸ்கா ரொட்டி சுடும் மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிடுங்கின பிளக்கை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் வெண்ணெய் தடவுவார். ஹேசல் க்ரீக் துப்பாக்கி கிளப்புக்கு அவர் முப்பது வருஷமாகப் பாதுகாப்பு அதிகாரி. நெப்ராஸ்காவின் அந்த மூலையில் சோளத்தையும் பன்றியையும் விட்டால் பேசுவதற்கு இருந்தது அந்த கிளப் ஒன்றுதான். அந்தக் கிளப்பில் பேசுவதற்கு இருந்தது எமிலும் வர்ஜிலும் போட்ட சண்டை ஒன்றுதான்.

சண்டை இதுதான். எமில் டயர் கடை வைத்திருந்தவர். வீல் பேலன்ஸ் செய்யும்போது சக்கர விளிம்பில் மாட்டுகிற ஈயத் துண்டுகள் அவரிடம் வாளி வாளியாகச் சேரும். அதை உருக்கி, அச்சில் ஊற்றி, குண்டு வார்ப்பார். அந்தக் குண்டை ரிவால்வரில் போட்டுச் சுட்டால் வர்ஜில் ஒன்றும் சொல்ல மாட்டார். சுடச் சுட அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ளும் பிஸ்டல் இருக்கிறதே, அதில் போட்டால்தான் பிடித்துக்கொள்வார்.

"ஈயம் மெதுவான சரக்கு எமில். துப்பாக்கிக் குழலுக்குள்ள தேயும். தேஞ்சது ஒட்டிக்கும். ஒட்டினது அடைக்கும். ஒருநாள் கையோட வெடிக்கும். கடையில விக்கிற செம்பு போர்த்தின குண்ட வாங்கிச் சுட்டா உனக்கு என்ன கொறஞ்சுபோவுது?"

"குழலுக்குச் சரியாப் பொருந்துற குண்டு தேயாதுடா வர்ஜில். ஒரு மயிரிழை பெருசா இருக்கணும், கொஞ்சம் கெட்டியா இருக்கணும், மேல மெழுகு பூசியிருக்கணும். வார்க்கத் தெரியாதவன் வார்த்துட்டுத் துப்பாக்கியத் திட்டுறான்."

சனிக்கிழமை காலை தொடங்கினால் மத்தியானம் வரை ஓடும். கடைசியில் வர்ஜில் கிளப் போர்டில் ஏழாவது விதியை எழுதி மாட்டினார்: இந்தக் களத்தில் பிஸ்டலில் வார்ப்பு ஈயக் குண்டு சுடக் கூடாது. எமில் மீது இருந்த கோபத்தில் எழுதியதுதான். அதனால் சண்டை நின்றதா? முன்னைவிடச் சூடு பிடித்தது. இப்போது சண்டை போட ஒரு போர்டும் கிடைத்துவிட்டதே.

வெல்மா பாட்டிலை வேலை மேஜையில் வைத்தார். எமில் பதறிப்போய் அதற்குக் கீழே ஒரு சுத்தமான துணியை விரித்தார்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாள் ஒண்ணு சொன்னாரு எமில். உங்கிட்ட சொல்றதுக்கு இத்தன நாளாச்சு, மன்னிச்சுக்க. என் மனசு ஆறல."

"சொல்லு."

"'எமில் வார்க்கிற குண்டுல என்னக் கலக்கச் சொல்லு. என் பிஸ்டல்ல போட்டு, நம்ம களத்துல சுடச் சொல்லு. எமில்தான் சுடணும்'னாரு. நான் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

எமில் பக்கத்தில் கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சாவு வீட்டில் அவர் அழவில்லை. வர்ஜில் இல்லாதது அப்போது மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியது, கூடவே ஒரு சந்தோஷமும் ஏறியது.

"அப்போ ஒத்துக்கிட்டானா? ஈயம் பிஸ்டலுக்கு ஆகும்னு ஒத்துக்கிட்டானா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

எமில் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"இல்ல வெல்மா, வேற மாதிரியும் இருக்கலாமே. செத்தப்புறம் அவனே உள்ள போய் உக்காந்து, சிக்கிக்கிட்டு நின்னு, ஊரு முன்னாடி என் மானத்த வாங்கணும்னு பாக்குறானா?"

"அதை நான் கேக்கல எமில். அவருக்கு மூச்சு வாங்கிச்சு."

இரண்டில் எது என்று எமிலுக்குத் தெரிந்தாக வேண்டும். சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்துவிடுவார், இது தெரியாமல் இருக்க முடியாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுடுவதற்கு ஏழாவது விதி குறுக்கே நின்றது. அந்த விதியை எடுக்கச் சொல்லிப் போய் நிற்க வேண்டியது வர்ஜிலிடம். வர்ஜிலோ பாட்டிலில் இருந்தார்.

*

வர்ஜிலுக்குப் பிறகு பாதுகாப்பு அதிகாரியானவள் ட்ரூடி பாவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ரயில் வராத தண்டவாளத்தைக்கூட பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாள். வர்ஜில் தனக்குப் பின் ஆளைப் பொறுக்கியெடுத்ததில் தப்பே இல்லை.

கிளப் கூட்டம் கூடியது. காப்பி வந்தது, தட்டில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி வந்தது. நடு மேஜையில் ஜாம் பாட்டில்.

"மொதல்ல ஒண்ணு தெளிவாகணும்," என்றாள் ட்ரூடி. "வர்ஜில் இப்போ உறுப்பினரா, தோட்டாவா?"

இப்படி ஒரு கேள்விக்கு யார்தான் தயாராக வந்திருப்பார்கள்!

"ஆயுள் உறுப்பினர்தானே அவரு," என்றார் பன்றிப் பண்ணைக்கார டெல்பர்ட்.

"அப்போ சுட முடியாது. சுடும்போது எந்த உறுப்பினரும் இலக்குப் பக்கம் போகக் கூடாது. அவரே எழுதின மொதல் விதி."

"ஆயுள் உறுப்பினர்னா ஆயுள் முடிஞ்சா முடிஞ்சுதில்ல? தோட்டான்னே வச்சுக்கம்மா."

"தோட்டான்னா ஏழாவது விதி. ஈயத் தோட்டா ஆகாது."

"அவரு ஈயமில்லையே! சாம்பலு!"

"சாம்பல் இன்னும் மோசம் டெல்பர்ட். எலும்புச் சாம்பல் உப்புத்தாள் மாதிரி. குழலோட உள்வரிய அரிச்சுடும்."

எமில் மேஜையைத் தட்டினார். "யாரும் வர்ஜில வெடிமருந்தோட கலக்கப் போறதில்ல. ஈயத்துக்குள்ள இருப்பான். அவனால குழலுக்கு ஒரு கீறல் விழாது, நான் பொறுப்பு."

"அவரு கெட்டியா இருப்பாரா?" என்று டெல்பர்ட் கேட்டார்.

"யாரு, வர்ஜிலா? அவன மாதிரி கெட்டியான ஆள் இந்த ஜில்லாவுலயே கெடையாது!" என்று எமில் கத்தினார். கத்திய பிறகுதான் வெல்மா அங்கே இருப்பது ஞாபகம் வந்தது. வெல்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகையா சிரிப்பா என்று கேட்க எவருக்கும் தைரியமில்லை.

ட்ரூடி வெல்மாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"வெல்மாவுக்காக ஒரே ஒரு தடவ. மூணு தோட்டா. மூணும் சிக்காமப் போய், குழலும் சுத்தமா இருந்தா, ஏழாவது விதியவே எடுத்துடலாம். ஒண்ணே ஒண்ணு சிக்கினாலும் சரி, எமில் இனிமே இந்தக் கூரைக்குக் கீழ அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சிக்கறது வேற, வெடிக்கிறது வேற ட்ரூடி."

"வர்ஜில் என்ன சொல்வாருன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். சிக்கினா ஆளு பதறுவான், பதறினா குழலை எந்தப் பக்கம் திருப்புவான்னு அவனுக்கே தெரியாது. வர்ஜில் இதைச் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

"சம்மதம்," என்றார் எமில். முப்பது வருஷ வழக்கு மூன்று தோட்டாவில் முடியப்போகிறது, அதுவும் எதிராளியே சாட்சியாக உள்ளே உட்கார்ந்திருக்க. இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

*

வேலையில் எமில் குறை வைக்கவில்லை. வர்ஜிலின் பிஸ்டலைப் பிரித்து, குழலுக்குள் மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குச்சியால் தள்ளி, மறுபக்கம் விழுந்ததை அளந்தார். அதற்கு மயிரிழை பெரிதாக அச்சு தேர்ந்தெடுத்தார். வெறும் ஈயத்தில் குண்டு வார்த்து, மெழுகு பூசி, தோட்டாவாக்கி, பக்கத்துத் தோட்டத்து மண்மேட்டில் ஒத்திகை பார்த்தார். பிஸ்டல் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.

"பாத்தியாடா?" என்றார் காற்றைப் பார்த்து.

வர்ஜிலைக் கலக்கிற நாள் வெல்மாவும் வந்தார். எமில் கராஜ் கதவை முழுக்கத் திறந்து, அடுப்பை வெளிவாசலில் வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார். வெல்மா கொண்டுவந்த ரொட்டி டப்பாவைக் காருக்குள்ளேயே வைக்கச் சொன்னார். ஈயம் காய்கிற இடத்தில் வாயில் எதையும் வைக்கக் கூடாது. வெல்மாவுக்கு ஒரு முகமூடியும் கையுறையும் கொடுத்தார்.

"இவ்வளவு ஜாக்கிரதையா நீ?" என்றார் வெல்மா. "அவரு உன்னப் பத்தி வேற மாதிரி சொல்வாரே."

"அவன் சொல்வான். இதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதான், அத மட்டும் சொல்ல மாட்டான்."

சட்டியில் ஈயம் இளகி வெள்ளியாக மின்னியது. வெல்மா பாட்டிலைத் திறந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு முழுதையும் கவிழ்த்தார். வர்ஜில் மெல்லிய சாம்பல் நிறத்தில் ஈயத்தின் மேல் பரவினார்.

எமில் கரண்டியைப் போட்டுக் கிளற ஆரம்பித்தார். கிளறக் கிளற வாய் தானாகத் திறந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் லிங்கன் நகரில் நடந்த போட்டியில், தன் பிஸ்டல் சிக்கியதற்குக் காரணம் ஈயமில்லை, தோட்டா அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங்தான் என்று வெல்மாவுக்கு விளக்கினார். வெல்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் விளக்கினார். அப்படியே வழக்கம்போல ஒரு மெழுகுத் துண்டைச் சட்டியில் போட்டார், புகை வந்தது, தீக்குச்சியால் பற்றவைத்தார், அடியோடு கிளறினார். "அந்த ஸ்பிரிங்தான்டா காரணம்னு அவன்கிட்டயே சொன்னேன், கேட்டானா?" என்றபடி துளைக் கரண்டியால் மேலே மிதந்ததை வழித்து, காலடியில் இருந்த பழைய காப்பி டப்பாவில் தட்டினார். மறுபடி வழித்தார். மறுபடி தட்டினார். ஈயம் பளபளவென்று வந்தது. அச்சில் ஊற்றித் திறந்தார்.

குண்டுகள் துணியில் வந்து விழுந்தன. வாழ்நாளில் இவ்வளவு அழகான குண்டுகளை எமில் வார்த்ததில்லை.

"என்னா மினுமினுப்பு பாரு! வர்ஜில் இவ்வளவு சுத்தமா இருப்பான்னு நான் நெனைக்கவே இல்ல."

வெல்மா குண்டுகளைப் பார்த்தார். பிறகு காப்பி டப்பாவைப் பார்த்தார்.

"அதுல என்ன எமில்?"

"அதுவா, கசடு. ஈயம் கனமான சரக்கு. அழுக்கு, மண்ணு, தூசி, எது இருந்தாலும் உள்ள எறங்காது, மேல வந்துடும். அத வழிச்சு எடுத்துத் தூரப் போட்டுடணும். இல்லன்னா குண்டு பாழு."

"சாம்பல்?"

"சாம்பலும்தான். எதுன்னாலும் மேல..."

எமில் நிறுத்தினார்.

இரண்டு பேரும் காப்பி டப்பாவைப் பார்த்தார்கள். சக்கரத்தில் மாட்டுகிற இரும்புக் கொக்கிகள், போன வசந்த காலத்துக் கசடு, ஒரு அணைந்த சுருட்டுத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் புகைந்துகொண்டு, ஹேசல் க்ரீக் கிளப்பின் ஆயுள் உறுப்பினர்.

"ஐயோ," என்றார் எமில். "ஐயோ வெல்மா. என் கைய ஒடைச்சுப் போடணும்."

வெல்மா டயர் மேல் உட்கார்ந்தார். எமிலுக்கு அவர் முகத்தைப் பார்க்க நெஞ்சில் தெம்பில்லை. முப்பது வருஷமாக ஈயத்தைக் காய்ச்சுகிறவர், சட்டியைக் கண்டால் வழிக்கிற கை, யாரை வழிக்கிறோம் என்று பார்க்கவில்லை. மற்றவன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வார்க்கத் தெரியாதவன் வழித்திருக்கவே மாட்டான்.

வெல்மாதான் முதலில் பேசினார்.

"அந்தக் குண்டு மூணும் நல்லாப் போகுமா?"

"வெண்ணெய் மாதிரி போகும்."

"அப்போ அதையே சுடு எமில். நான் வாயத் திறக்க மாட்டேன். போர்ட எடுத்துடுவாங்க. நீ ஜெயிச்சுடுவ. இந்த டப்பாவ நான் கொண்டுபோய் ரோஜாச் செடிக்குக் கீழ வச்சுக்கிறேன்."

"அத மண்ணுல போடக் கூடாது வெல்மா, ஈயக் கசடு, வெஷம். ஜில்லா ஆபீஸ்ல அபாயக் குப்பை வாங்குற நாளுல குடுக்கணும்."

"வர்ஜில் அபாயக் குப்பையா!" என்றார் வெல்மா. இந்தத் தடவை அது சிரிப்புதான் என்று தெரிந்தது. ஆனால் கண்ணில் தண்ணீரும் ஓடியது.

எமில் குண்டு ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். ஜெயம் கையில்தான் இருந்தது. சனிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த வழவழப்பு அவர் மனசை ஆட்டவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் நன்றாகவே ஆட்டியது. டெல்பர்ட் ஏணி வைத்துப் போர்டைக் கழற்றுவதுகூட கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு குண்டைச் சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"அவன் உள்ள இல்லாம நான் யாரடி ஜெயிக்கிறது?" என்றார். வெல்மாவை 'டி' போட்டுக் கூப்பிட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். அவர் அதைக் கவனிக்கவில்லை. வெல்மா கவனித்தார்.

வழி ஒன்று இருந்தது. எமிலிடம் இன்னொரு அச்சு உண்டு. அதில் வார்த்தால் குண்டின் மூக்கில் சின்னக் குழி விழும். குழிக்குள் சாம்பலை வைத்து, மேலே மெழுகால் மூடிவிடலாம். ஆனால் அந்த அச்சை எமில் எந்த பிஸ்டலுக்கும் எடுத்ததில்லை. வர்ஜிலுடையது பழைய காலத்து பிஸ்டல், உருண்டை மூக்குக்காகச் செய்தது. குழி விழுந்த மூக்கு உள்ளே ஏறுகிற வழியில் முட்டி நிற்கும். மூன்றில் ஒன்றாவது நிற்கும். அது எமிலுக்குத் தன் பெயர் தெரிவதைப் போலத் தெரியும்.

அதை அவர் வெல்மாவிடம் சொல்லவில்லை. அச்சை எடுத்து அடுப்பு ஓரத்தில் சூடேற்றினார்.

கசடு ஆறியதும் இரண்டு பேரும் முகமூடி மாட்டி, ஒரு தகரத் தட்டில் டப்பாவைக் கவிழ்த்து, இடுக்கியால் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"இது அவனா?"

"இல்ல, இது கருப்பா இருக்கு. வெள்ளையா, மணல் மாதிரி இருக்கிறதுதான் அவரு."

"இது?"

"அது சுருட்டுச் சாம்பல் எமில்!"

"அவன் ஒருநாளும் சுருட்டுப் புடிச்சதில்ல. இப்போ பாரு, என்கூடச் சேந்து கெட்டுப்போயிட்டான்."

மூன்று குழிகளுக்குப் போதுமான வர்ஜில் கிடைத்தார். கொஞ்சம் சுருட்டும் கலந்திருக்கலாம். அதை இப்போது யார் பிரிக்க முடியும்?

*

சனிக்கிழமை ஊரே களத்தில் கூடியது. கண்ணாடியும் காது மூடியும் இல்லாமல் ஒருவரையும் ட்ரூடி எல்லைக் கோட்டுக்குள் விடவில்லை, பாதிரியார் உட்பட. பாதிரியார் காதை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னதால் தன் குரல் தனக்கே கேட்காமல் கத்தினார். காதை மூடியிருந்த கூட்டத்துக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் நின்றதும் எல்லாரும் குத்துமதிப்பாக "ஆமென்" என்றார்கள்.

"களம் திறந்தாச்சு!" என்று ட்ரூடி கூவினாள். "இலக்குப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"

"வர்ஜில் இப்போ போவாரு!" என்று டெல்பர்ட் கத்தினார். அவர் மனைவி அவரை விலாவில் இடித்தாள்.

எமில் மேகசினைப் பொருத்தி, பிஸ்டலை நீட்டிப் பிடித்தார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே களத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

முதல் தோட்டா வெடித்தது. மெழுகுப் புகை குபுகுபுவென்று எழுந்தது. பிஸ்டல் காலிக்கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்ததை இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டதா? இல்லை, பாதி வழியில் நின்றது. மேல்பாகம் மூடவுமில்லை, திறக்கவுமில்லை. இரண்டாவது வர்ஜில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, வாசலில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்றார்.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

எமில் பதறவில்லை. விரலை விசையிலிருந்து எடுத்தார். குழலை மண்மேட்டைப் பார்த்தபடியே வைத்தார். மேகசினைக் கழற்றினார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார். தோட்டா காலடிப் புல்லில் விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று ஒரு தடவை பார்த்தார், விரலை விட்டு இன்னொரு தடவை பார்த்தார். வர்ஜில் அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாரோ அப்படியே செய்தார், ஒரு அசைவு மாறாமல். செய்து முடித்த பிறகுதான் அது அவருக்கே புரிந்தது. மூன்றாவதைத் திரும்ப ஏற்றினார், சுட்டார், அது போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"சிக்கிடுச்சு," என்றாள் ட்ரூடி. குரல் தழைந்திருந்தது. "சாரி எமில். விதி விதிதான்."

"நான்தான் சொன்னேனே!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி எமிலைப் பார்த்து ஆட்டினார். குழி மூக்கைப் பற்றி எமில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வழக்கு மறுபடி திறந்திருக்கும். அச்சு வேறு, மெழுகு வேறு, ஈயத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மத்தியானம் வரை பேசியிருக்கலாம். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"வர்ஜில் சொன்னதுதான் சரி," என்றார் எமில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "பிஸ்டலுக்கு ஈயம் ஆகாது. அவன் ஜெயிச்சுட்டான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஏன் நிற்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை. எப்போது எதைச் சொன்னாலும், அடுத்த மூச்சில் வர்ஜிலின் மறுப்பு வரும். அதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். மண்மேட்டின் மேல் காற்று அடித்தது. யாரும் மறுக்கவில்லை. அப்போதுதான் எமில் கோவாரிக், காது மூடியும் கண்ணாடியுமாக, ஊர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெல்மா குனிந்து புல்லில் கிடந்த தோட்டாவை எடுத்தார்.

"சிக்கின தோட்டா கெட்ட தோட்டா வாளியில போகணும் வெல்மா," என்ற ட்ரூடி, வெல்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். "மருந்த எடுத்துட்டா அது வெறும் ஈயம். வெறும் ஈயத்துக்கு விதி ஒண்ணுமில்ல."

எமில் அதைக் களத்து மேஜைக்குக் கொண்டுபோய், குண்டு கழற்றும் சுத்தியலுக்குள் மாட்டி, மேஜையில் நாலு தட்டுத் தட்டினார். குண்டு தனியே கழன்று விழுந்தது. மெழுகு சற்றே பிதுங்கியிருந்தது, மற்றபடி உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எமில் அதை வெல்மாவிடம் நீட்டினார்.

வெல்மா அவர் விரல்களை மூடிவிட்டார்.

"நீயே வச்சுக்க எமில். நாப்பத்தோரு வருஷம் எங்கூட இருந்தாரு, ஒரு நாளும் எங்கிட்ட எதுத்துப் பேசினதில்ல. எல்லாத்துக்கும் 'சரிம்மா'தான். அவருக்குப் பேச வேண்டியதெல்லாம் இருந்தது உங்கிட்டதான்."

எமில் குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, அறுத்துப் போட்ட சோளக் காடுகளுக்கு நடுவே வீட்டுக்குப் போனார். பாதி வழிவரை பொறுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"மெழுகக் கொஞ்சம் கொறச்சிருந்தாப் போயிருக்கும்டா வர்ஜில்," என்றார்.

பையிலிருந்து பதில் வரவில்லை. வந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பது எமிலுக்கு மனப்பாடம். அதனால் அவரே அதையும் சொன்னார், வர்ஜிலின் அந்த மூக்கடைத்த குரலிலேயே:

"போயிருக்கும், போயிருக்கும். மொதல்ல பெல்ட்டப் போடு."

எமில் வண்டியை ஓரம் கட்டி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.